ரெயால் தெ கதோர்சே: மெக்சிகோவின் மலையூருக்குப் போய்த் திரும்ப முழுமையான வழிகாட்டி

ரெயால் தெ கதோர்சே, சான் லூயிஸ் போதோசி மாநிலத்தில் ஏறத்தாழ 2,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊர். தொட்டபெட்டாவின் உச்சியைவிட உயரம். கிழக்கிலிருந்து ஊருக்குள் நுழைய ஒரே வாசல், மலையைக் குடைந்து போட்ட ஓகார்ரியோ சுரங்கப்பாதை. நீளம் 2.3 கி.மீ., ஒரு வண்டி மட்டும் போகும் அகலம்.

இங்கே வந்து திணறுகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் மலையடிவார நகரமான மத்தெவாலாவிலேயே தொடங்கிவிடுகிறது. பணம் எடுத்திருக்க மாட்டார்கள், திரும்பும் பஸ் நேரம் கேட்டிருக்க மாட்டார்கள், இருட்டப் போகும் நேரத்தில் மேலே கிளம்பியிருப்பார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் தேதி, பிறகுதான் டிக்கெட்

ஆண்டில் இரண்டு காலங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, அக்டோபர் 4-ஐ ஒட்டிய புனித பிரான்சிஸ் திருவிழா. செப்டம்பர் கடைசியிலிருந்தே யாத்திரிகர்கள் வந்து குவிகிறார்கள். அறை கிடைக்காது, சுரங்கத்துக்கு வெளியே வண்டிகள் நீளமாக நிற்கும். இன்னொன்று, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். திருவிழாவையே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

வாரத்திலும் நாள் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு மான்டெர்ரேயிலிருந்து கூட்டம் வரும். திங்கள் முதல் புதன் வரை பல உணவகங்கள் கதவே திறக்காது. வியாழன் மதியம் போய்ச் சேர்ந்து, இரண்டு இரவு தங்கி, சனி காலையில் இறங்குவதுதான் என் கணக்கில் சரியான அமைப்பு. ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிடாதீர்கள். உயரத்துக்கு உடம்பு பழகும் முன்பே கீழே இறங்க வேண்டியிருக்கும். பார்க்க வேண்டிய இடங்களோ எல்லாம் மேட்டில் இருக்கின்றன.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் உறைநிலையை ஒட்டி இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடிமழை வரலாம். மழைக்காலத்தில் போனால் மலைநடையை விடிந்ததும் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். மொட்டை மலைமுகட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடமே இல்லை.

2. விசா: விமான வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா கேட்பதில்லை. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் வாங்கும் முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

பலர் தடுமாறுவது வேறிடத்தில். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். மெக்சிகோ விசாவை மட்டும் எடுத்துவிட்டு டல்லாஸ் வழியாக டிக்கெட் போட்டவர்களைச் சென்னையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க விசா இல்லாதவர்கள் ஐரோப்பா வழியாகப் போவதே நல்லது. அப்போதும் அந்த நாட்டின் இடைநிலைப் பயணிகள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிவரவு மேசையில், எத்தனை நாள் அனுமதித்திருக்கிறார்கள் என்று நகராமல் அங்கேயே நின்று படியுங்கள். 180 நாள் என்பது உச்சவரம்பு. நாள் எண்ணிக்கையை அதிகாரிதான் முடிவு செய்கிறார். திரும்பும் டிக்கெட், அறை முன்பதிவு இரண்டையும் தாளில் வைத்திருந்தால் கேள்விகள் குறையும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

உருளைப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை எடுங்கள். ஊரின் தெருக்கள் எல்லாம் கரடுமுரடான கல் பாவியவை, செங்குத்தானவை. சக்கரம் முதல் தெருவிலேயே கழன்றுவிடும். அதன்பிறகு பெட்டியைத் தலையில்தான் தூக்க வேண்டும்.

உடுப்பை அடுக்கடுக்காக எடுங்கள்: பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுத் தடுக்கும் மேலங்கி. பகலில் வெயில் சுடும், சூரியன் மறைந்த அரை மணியில் நடுக்கம் வரும். ஒற்றைத் தடி ஜாக்கெட்டால் இந்த இரண்டையும் சமாளிக்க முடியாது. அகல விளிம்புத் தொப்பி, வெயில் களிம்பு, உதட்டுக்குத் தடவ ஏதாவது, அடி வழுக்காத காலணி, டார்ச் ஆகியவை கட்டாயம்.

மின்சாரம் 127 வோல்ட், தட்டையான இரண்டு முனை செருகி. கைபேசி சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் செருகி மாற்றி மட்டும் போதும். நம் ஊரின் 230 வோல்ட் குட்டி ரைஸ் குக்கரைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. 127 வோல்ட்டில் அதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சூடுதான் ஏறும். போதாக்குறைக்கு இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது, பருப்பு நிச்சயமாக வேகாது. குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஸ்பானிய மொழிபெயர்ப்புச் செயலியையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமல் இயங்கும்படி இறக்கி வையுங்கள். மலையில் சிக்னல் வரும், போகும். உள்ளூர் சிம் வாங்கினால் தெல்செல் வாங்குங்கள். மலைப்பகுதிகளில் மற்றவற்றைவிட அதற்குத்தான் வீச்சு அதிகம்.

4. மத்தெவாலா வரை

மூன்று வழிகள் உண்டு. சான் லூயிஸ் போதோசி நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கி.மீ.; பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். மான்டெர்ரேயிலிருந்து தெற்கே 320 கி.மீ. போல. மெக்சிகோ நகரிலிருந்து 600 கி.மீ. அளவு, வடக்குப் பேருந்து நிலையத்தில் ஏற வேண்டும்.

மெக்சிகோ நகர விமான நிலையத்திலிருந்து வடக்குப் பேருந்து நிலையத்துக்கு மெட்ரோ 5-ஆம் தடத்தில் வண்டி மாறாமல் போகலாம். தெர்மினால் ஆயெரேயாவில் ஏறி, ஔதோபுசெஸ் தெல் நோர்த்தேயில் இறங்குங்கள். கனமான பை இருந்தாலோ, காலை நெரிசல் நேரத்தில் இறங்கினாலோ, நிலையத்துக்குள்ளேயே சீட்டு தரும் அங்கீகரிக்கப்பட்ட டாக்சி நல்லது.

நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே இரவு பஸ் ஏறி மறுநாள் மலையேறுவது தப்பு. தூக்கமின்மை, நீரிழப்பு, உயரம் மூன்றும் சேர்ந்தால் தலைவலி உறுதி. சான் லூயிஸ் போதோசியிலோ மெக்சிகோ நகரிலோ ஓர் இரவு தூங்குங்கள். இரண்டும் 1,800 மீட்டருக்கு மேல் இருப்பவை என்பதால் உடம்பு அங்கேயே பழகத் தொடங்கிவிடும். நெடுந்தூர பஸ்களில் குளிர்சாதனத்தைக் குறைக்கவே மாட்டார்கள்; ஸ்வெட்டரை அடியில் போகும் பையில் போட்டுவிடாதீர்கள்.

வரைபடத்தில் எஸ்தாசியோன் கதோர்சே என்ற ரயில் நிலையம் தெரியும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அந்தப் பாதையில் இப்போது ஓடுவது சரக்கு ரயில் மட்டுமே.

5. மத்தெவாலாவில் முடிக்க வேண்டியவை

பயணத்தில் வேறெந்தப் படியைத் தவறவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். இதைத் தவறவிட்டால் மேலே போய் ஈடுகட்ட வழியில்லை.

பணம்: மேலே ஏடிஎம்மை நம்பவே கூடாது. இருந்தாலும் வார இறுதியில் காலியாகிவிடும், இணைப்பு போய்விடும். குதிரைக்காரர், ஜீப்காரர், சாலையோரக் கடை எல்லோருக்கும் ரொக்கம்தான். அறை வாடகை, சாப்பாடு, குதிரை, ஜீப், திரும்பும் பஸ் எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் பாதியளவு சேர்த்து மத்தெவாலாவின் வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவிலேயே திறந்து வைத்திருக்க வேண்டும்.

சில்லறை: ஏடிஎம் 500 பெசோ நோட்டாகத் தரும். ஒரு கடையில் தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கி 20, 50, 100 நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். மேலே 500-க்குச் சில்லறை கேட்டால் கையை விரிப்பார்கள்.

மருந்து: வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தலைவலி மாத்திரை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் சொந்த ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பஸ் நேரம்: மேலே போகும் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கும்போதே, திரும்பும் பஸ்கள் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான். பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும். மத்தெவாலா வரும் நெடுந்தூர பஸ் தாமதமானால் மேலே போகும் கடைசி வண்டி போயிருக்கும். அப்படி ஆனால் இருட்டில் டாக்சி பேசாமல் மத்தெவாலாவிலேயே தங்கிவிடுங்கள்.

6. கல் பாவிய சாலையும் சுரங்கமும்

மத்தெவாலாவிலிருந்து செத்ரால் என்ற சிறு நகரைக் கடந்ததும் இடப்புறம் திரும்பும் சாலை முழுக்கக் கல் பாவியது. ஏறத்தாழ 24 கி.மீ. தூரமும் குலுக்கல்தான். பஸ்ஸில் இந்தப் பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்க இருக்கை கேளுங்கள்.

பெரிய பஸ் சுரங்கத்துக்குள் நுழையாது. வாசலில் எல்லோரையும் இறக்கி, சிறிய பஸ்ஸுக்கு மாற்றுவார்கள். அடியில் போட்ட பையை நீங்களே எடுத்து மாற்ற வேண்டும். யாரோ மாற்றுவார்கள் என்று ஏறி உட்கார்ந்தவர்களின் பை பஸ்ஸோடு மத்தெவாலாவுக்கே திரும்பிப் போயிருக்கிறது. பழைய பஸ் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி கேட்பார்கள்.

காரில் போனால் சில விஷயங்கள். செத்ராலில் பெட்ரோலை நிரப்புங்கள். மேலே பெட்ரோல் நிலையம் இல்லை. கல் சாலையில் மணிக்கு 20–30 கி.மீ. போதும். அவசரப்பட்டால் டயர் பக்கவாட்டில் கிழியும், அடித்தட்டு இடிபடும். மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வழிகாட்டிச் செயலி சில சமயம் மேற்கே எஸ்தாசியோன் கதோர்சே வழியாகக் குறுக்குவழி காட்டும். அது செங்குத்தான பள்ளத்தாக்கு வழி. சாதாரணக் காரில் ஏறவே கூடாது. செத்ரால் வழியைக் கட்டாயமாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

சுரங்க வாசலில் கட்டணம் ரொக்கமாக வாங்குவார்கள். இரு முனைகளிலும் ஆட்கள் தங்களுக்குள் பேசி, ஒரு பக்க வண்டிகளை விட்டுவிட்டுத்தான் மறுபக்கத்தை அனுப்புவார்கள். கைகாட்டும் வரை நகராதீர்கள். உள்ளே விளக்கு போட்டு, ஜன்னலை ஏற்றி, முன் வண்டிக்கு இடைவெளி விட்டுப் போங்கள். கூட்ட நாள்களில் காரை வெளியே நிறுத்திவிட்டு வேறு வண்டியில் உள்ளே வரச் சொல்வார்கள். அதனால் ஓர் இரவுக்கு வேண்டியதைச் சிறு பையில் தனியாக வைத்திருங்கள்.

7. சேர்ந்த அன்று செய்ய வேண்டியவை

அறைக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்: வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் கம்பளி உண்டா, அறையில் கணப்பு உண்டா. பழைய கல் கட்டடங்கள் பகலில் இதமாக இருக்கும். இரவில் சுவரே குளிரைக் கக்கும். வெந்நீரைத் திறந்து பார்த்த பிறகே தலையாட்டுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. விறகுக் கணப்பு என்றால் புகைபோக்கி இழுக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் அரிதான மலை இது. குளியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பல் துலக்கவும் புட்டித் தண்ணீரே. கழிப்பறைத் தாளைக் குழிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள்; பழைய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

அன்று மேடு ஏற வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தள்ளிவையுங்கள், இரவு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். லேசான தலைவலி மறுநாள் போய்விடும். வாந்தி, தடுமாற்றம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று ஆனால் விடியும் வரை காத்திராமல் மத்தெவாலாவுக்கு இறங்குங்கள். அவசர உதவிக்கு 911.

மாலையில் பார்க்கச் சமதளத்திலேயே இடங்கள் உண்டு. லான்சகோர்த்தா தெருவில் நடந்தால் மாதா கோயில் வரும். புனித பிரான்சிஸ் சிலை இருப்பது இங்கேதான். நேர்த்திக்கடன் நிறைவேறியவர்கள் வரைந்து வைத்த சின்னச் சின்னத் தகட்டு ஓவியங்களைப் பார்க்காமல் வராதீர்கள்: விபத்திலிருந்து பிழைத்தவர், நோயிலிருந்து எழுந்தவர் என ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் நன்றி இருக்கிறது. முழந்தாளிட்டு வருகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். எதிரே உள்ள பழைய நாணயச்சாலை இப்போது பண்பாட்டு மையம்.

8. இரண்டாம் நாள் காலை: பாழூர் நடை

சுரங்க வாசலுக்குப் பக்கத்திலிருந்து மேலேறும் பாதை, கைவிடப்பட்ட சுரங்கக் குடியிருப்புக்குப் போகிறது. உள்ளூரில் புவெப்லோ ஃபந்தாஸ்மா என்று கேட்டால் கைகாட்டுவார்கள். ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். வழியில் நிழலும் இல்லை, கடையும் இல்லை.

இங்கே ஒரே கண்டிப்பு: தடத்தை விட்டு விலகாதீர்கள். மலை முழுக்கப் பழைய செங்குத்துச் சுரங்கக் குழிகள் வேலியில்லாமல் திறந்து கிடக்கின்றன. விளிம்பில் இருக்கும் கல்லும் மண்ணும் உறுதியானவை அல்ல. எட்டிப் பார்க்கவோ, கல் போட்டு ஆழம் பார்க்கவோ கிட்டே போகாதீர்கள். குழந்தையோடு போனால் கையை விடாதீர்கள். சுவர்களின் மீதும் ஏற வேண்டாம், சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்துபோனவை அவை.

9. கெமாதோ மலை: குதிரையிலா, நடந்தா

விஷாரிகா பழங்குடியினருக்குச் சூரியன் பிறந்த இடம் இந்த மலை. அவர்கள் ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ பகுதிகளிலிருந்து யாத்திரையாக வருகிறார்கள். அந்த யாத்திரை வழி 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. போய்வர அரை நாள் ஒதுக்குங்கள்.

குதிரை எடுத்தால் ஏறும் முன்பே நான்கையும் பேசி முடியுங்கள்: எந்த இடம் வரை, எத்தனை மணி நேரம், விலை குதிரைக்கா ஆளுக்கா, வழிகாட்டியின் குதிரைக்குத் தனிக் கட்டணமா. “க்வாந்தோ போர் தோதோ, கோன் கீயா?” என்று கேட்டால் வழிகாட்டியோடு சேர்த்து மொத்த விலை சொல்வார்கள். சேணப்பட்டையை உங்கள் கண் முன்னால் இறுக்கச் சொல்லுங்கள். இறங்கும் வழியில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிரையின் போக்கிலேயே விடுங்கள். சரிவில் கடிவாளத்தை இழுத்தால் அது வழுக்கும். குதிரை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் மலையின் கடைசி மேட்டை நடந்தே ஏறுவது நல்லது.

உச்சியில் கல் வட்டங்களும் காணிக்கைகள் வைத்த சிறு கோயிலும் இருக்கும். வட்டங்களின் கல்லை நகர்த்தாதீர்கள், காணிக்கையைத் தொடாதீர்கள், காசு உட்பட எதையும் எடுக்காதீர்கள். சடங்கு நடந்தால் தள்ளி நில்லுங்கள். படமெடுக்கக் கேட்டு, மறுத்தால் கேமராவை உள்ளே வையுங்கள்.

பெயோத்தே என்ற கள்ளிக்காகவே சிலர் இங்கே வருகிறார்கள். அது சட்டத்தால் காக்கப்பட்ட செடி. பறிப்பதும் வைத்திருப்பதும் வெளியாருக்குக் குற்றம். சடங்குக்காகப் பறிக்கும் உரிமை விஷாரிகாக்களுக்கு மட்டுமே. மிக மெதுவாக வளரும் அந்தச் செடி, சுற்றுலாவாசிகள் தோண்டியதால் பல இடங்களில் அருகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

10. வில்லீஸ் ஜீப்பில் மேற்கே இறங்குவது

பழைய வில்லீஸ் ஜீப்கள் மேற்குப் பள்ளத்தாக்கு வழியாக எஸ்தாசியோன் கதோர்சேக்கு இறங்குகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கூரைமேல் உட்காரச் சொல்வார்கள். காட்சி அழகுதான், ஆனால் பிடிமானம் கம்பி மட்டுமே. உள்ளே உட்காருங்கள். இறங்குவதற்கு மட்டுமா, திரும்பக் கூட்டிவரவுமா என்பதைப் பேசிவிட்டே ஏறுங்கள். கீழே போனபிறகு மறுவண்டிக்காகப் பாலைவன வெயிலில் காத்துக் கிடப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

11. சைவர்கள் சாப்பிடும் வழி

பார்த்தால் சைவமாகத் தெரியும் இரண்டு பண்டங்கள் ஏமாற்றும். அரைத்த பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். “சைவம்” என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். அதனால் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: “சின் கார்னே, சின் மந்தேகா, சின் கால்தோ தெ போயோ” (இறைச்சி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல், கோழிச் சாறு இல்லாமல்).

நம்பிக்கையோடு கேட்கக்கூடியவை: சீஸ் வைத்த கேசதியா, நோப்பால் என்ற சப்பாத்திக் கள்ளி மடல் வதக்கல், முட்டை, கள்ளிப்பழம். வசந்த காலத்தில் கபுச்சே என்ற கள்ளி மொட்டு கிடைத்தால் விடாதீர்கள். இந்தப் பகுதிக்கே உரிய உணவு. சோள மாவில் செய்யும் கோர்தித்தாவுக்குள் என்ன பூரணம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், மாவில் கொழுப்பு சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை, மத்தெவாலா பக்கத்து ஆட்டுக்குட்டி வறுவல் பெயர்பெற்றது.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். இரவு எட்டரைக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும் கடைகள் உண்டு. ஊறுகாயும் பொடியும் கம்பெனி முத்திரையோடு மூடிய பாக்கெட்டில் கொண்டுபோங்கள். பழம், விதை, இறைச்சி வேண்டாம், விமான நிலையச் சோதனையில் பறிபோகும்.

12. இறங்கும் நாள்

முந்தைய இரவே பஸ் நேரத்தை மறுபடி விசாரியுங்கள். விடுதிக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், சுரங்கத்தின் ஊர்ப்பக்க வாசலில் பஸ் நிற்குமிடத்திலும் கேளுங்கள். மெக்சிகோ 2022-இல் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. பழைய கைபேசிகள் ஏப்ரலில் தானாக ஒரு மணி நேரம் முன்னே போய்விடுகின்றன. ஊர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் இந்த ஊர் இந்திய நேரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும்.

பஸ் நேரத்துக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். சிறிய பஸ் நிரம்பினால் எஞ்சியவர்கள் அடுத்த வண்டிக்குத்தான். ஞாயிறு மதியம் சுரங்கத்தில் வெளியேறும் வண்டிகள் நெடுநேரம் காத்திருக்கும். மத்தெவாலாவில் பிடிக்க வேண்டிய தொடர் பஸ்ஸுக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

காரில் இறங்குகிறவர்கள் கல் சாலையில் முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடி விட்டுப்போகும். 57-ஆம் நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம், இருட்டுக்கு முன்பே அடுத்த நகரைச் சேருங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் 078-ஐ அழையுங்கள். ஆங்ஹெலெஸ் வெர்தெஸ் என்ற பச்சை வண்டிகளின் அரசு உதவி வரும். உதவிக்குக் கட்டணம் இல்லை, மாற்றும் பாகத்துக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் காசு கொடுக்க வேண்டும்.